பைன் மேடு

என் முதுகில் இருபத்தாறு தழும்புகள். இருபத்தேழாவது அடி விழாததற்கு என் கெட்டிக்காரத்தனம்தான் காரணம் என்று அண்ணன் குவாமினோ நாலு வருடம் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தான். நானும் வாயை மூடிக்கொண்டு பெருமைப்பட்டேன்.

பெலிஸ் ஆற்றங்கரையில் மகோகனி வெட்டும் முகாமில் நாங்கள் அடிமைகள். அண்ணன் கோடாலிக்காரன், நான் சமையற்காரி. முகாமுக்குத் துரை மீகன். ஒருநாள் எருதுகளுக்குத் தழை போதவில்லை என்று, நிறைசூலியாக இருந்த அண்ணன் பெண்சாதி பெனெபாவைக் குப்புறப் போட்டான். பிள்ளை அவனுடைய சொத்து அல்லவா, அதனால் வயிற்றுக்குக் குழி தோண்டிவிட்டுத்தான் சாட்டையை எடுத்தான். மரத்தில் இறங்கவேண்டிய அண்ணனின் கோடாலி மீகனின் கழுத்தில் இறங்கியது. இரண்டாவது வெட்டுக்குத் தேவையே இல்லை. ஆனாலும் மற்றவர்களும் ஆளுக்கொன்று போட்டார்கள். எனக்கு வயிறு குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

துரையின் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு பதினெட்டுப் பேர் பெனெபாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பைன் மேட்டில் மறைந்திருந்து, பிள்ளை பிறந்ததும் ஸ்பானியர் எல்லையைத் தாண்டுவதாக ஏற்பாடு. அந்தப் பக்கம் கால் வைத்துவிட்டால் அடிமை இல்லை. எனக்குக் காலில் புண். நடக்க முடியாத கிழவர், ரம்பக்காரர் பிரிஸ்டோவோடு தங்கிவிட்டேன்.

மூன்றாம் நாள் பட்டாளம் படகில் வந்தது. ஆற்று வளைவில் அண்ணனின் ஆட்கள் ஒளிந்திருந்து சுட்டதில் பட்டாளத்தின் வழிகாட்டி மண்டை சிதறி ஆற்றில் விழுந்தான். அவர்களில் இந்தக் காடு தெரிந்தவன் அவன் ஒருவன்தான். மிச்சமிருந்தவர்கள் பார்படோஸ் தீவுச் சிப்பாய்களும், இங்கிலாந்துக் கப்பலிலிருந்து இறங்கி ஒரு மாதம்கூட ஆகாத ஹார்கிரேவ் என்ற அதிகாரியும்தான்.

ஓடிப்போனவர்கள் எங்கே என்று கேட்டு, முதலில் பிரிஸ்டோவை மரத்தில் கட்டினார்கள். “மெதுவா அடி தம்பி, கை சுளுக்கிக்கப் போவுது” என்றார் சாட்டைக்காரச் சிப்பாயிடம். ஐம்பதைத் தாண்டியதும் தலை தொங்கிவிட்டது. கடைசிவரை அவர் இடத்தைச் சொல்லவில்லை. பிணத்தை அவிழ்க்காமலே, அதே மரத்தின் மறுபக்கத்தில் என்னைக் கட்டினார்கள்.

நானும் அப்படியே செத்துவிடுவேன் என்றுதான் நம்பினேன். பத்து அடிவரை அண்ணனை நினைத்துக்கொண்டேன். இருபதுவரை பெனெபாவின் வயிற்றை. அதற்குமேல் நினைப்பு என்று ஒன்றும் இல்லை, முதுகு மட்டும்தான் இருந்தது. இருபத்தாறில் சொல்லிவிட்டேன்.

“மேட்டுல இருக்காங்க. பைன் மேட்டுல. எல்லாரும் அங்கதான்.”

ஹார்கிரேவ் தெற்கே திரும்பி மலையைப் பார்த்தான். அங்கே புகை எழும்பிக்கொண்டிருந்தது.

எங்கள் பேச்சில் மேடு என்றால் உயரம் இல்லை, மரம் நிற்கும் தரை. பனை நின்றால் பனை மேடு, பைன் நின்றால் பைன் மேடு, பள்ளமாக இருந்தாலும் மேடுதான். எங்கள் பைன் மேடு வடக்கே, அரை நாள் நடையில், உள்ளங்கை மாதிரித் தட்டையாகக் கிடந்தது. வெள்ளைக்காரனுக்கு மேடு என்றால் மலை. மலையில் தெரிந்தது மாயர் என்ற பழங்குடிகள் சோளக்கொல்லைக்குக் காடு எரித்த புகை. என் கால்புண்ணுக்குப் பச்சிலை கட்டிய பெட்ரோனா அந்த மலையூர்க்காரி, உப்புக்குச் சோளம் மாற்ற வருவாள்.

“அது இல்ல” என்று ஒரு வார்த்தை போதும். அப்போது என்னை யாரும் அடிக்கவில்லை. கட்டைக்கூட அவிழ்த்துவிட்டார்கள். நான் சொல்லவில்லை.

என்னைக் காவலில் விட்டுவிட்டு மலையேறிப் போனவர்கள் இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தார்கள். ஒரு சிப்பாய் சோள மூட்டை ஒன்றை என் முன்னால் போட்டு வேகவைக்கச் சொன்னான். மூட்டையின் அடிப்பக்கம் ரத்தத்தில் ஊறியிருந்தது. மேலாக இருந்த சோளத்தை அள்ளி வேகவைத்தேன். மறுநாள் அவர்கள் படகில் ஏறும் சந்தடியில் காட்டுக்குள் நழுவி, பைன் மேட்டுக்கு நொண்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். அதற்குள் பெனெபாவுக்குப் பெண் பிறந்திருந்தது.

எல்லைக்கு அப்பால், பெட்டேனில் குடியேறினோம். போன மாதம் வாசலில் சோளம் விற்க மாயர் இனத்துப் பெண் ஒருத்தி வந்தாள். அண்ணன் அவளிடமும் ஆரம்பித்தான்.

“வெள்ளக்காரப் பயல மலையேற விட்டா பாரு என் தங்கச்சி! மூளைக்காரி.”

அளந்துகொண்டிருந்தவள் நிறுத்தினாள். “எந்த மல?” என்று கேட்டாள்.

அண்ணன் அந்த மலையின் பேரைச் சொன்னான். அவள் என்னைப் பார்த்தாள். “எங்கம்மா அங்கதான் இருந்தா” என்றாள்.

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. “நான் மலைய சொல்லலம்மா. எங்க அண்ணனத்தான் காட்டிக் குடுத்தேன். அந்த வெள்ளக்காரனுக்கு எங்க பேச்சு புரியல. அவன் மலையப் பாத்தப்ப நான் சும்மா இருந்துட்டேன்.”

அவள் அளந்த சோளத்தைத் திரும்பக் கூடையில் கொட்டிக்கொண்டு போய்விட்டாள். அண்ணன் என் பக்கம் திரும்பி, “பெனெபா அங்க இருக்கறதயும் சொன்னியா?” என்று கேட்டான்.

“எல்லாரும் அங்கதான்னு சொன்னேண்ணே.”

அவன் மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். அந்தக் கதையை இப்போது யாரிடமும் சொல்வதில்லை.