முப்பிடாதியின் இடுப்பில் ஓர் அசைவு

ஐஸ் கம்பெனித் தெருவில் ஒருத்தர் கிழக்கே பார்த்து நின்றால் பக்கத்து ஆள் மேற்கே பார்த்துத்தான் நிற்பார். முந்நூறு பேர், ஒரே வரிசை. யாரும் இடத்தைவிட்டு நகர்வதில்லை. ஆனால் ஒருத்தர் லேசாக அசைந்தால் அது அடுத்தவருக்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்தவருக்கு. போய்ப் போய் எங்கேயாவது செத்துவிடும்.

நகராட்சி அதிகாரி ஸ்டாப்வாட்ச் வைத்து ஆயுளை அளப்பார். யாருடைய அசைவு அதிக நேரம் உயிரோடு இருக்கிறதோ, அவருக்கு ஐஸ் கம்பெனிச் சுவரோரம் இடம். குளிரில் அசைவு லேசில் சாகாது. வெயிலில் பொசுக்கென்று போய்விடும்.

முப்பிடாதியின் அசைவு நான்கு விநாடி. ஜெசிந்தாவினுடையது பதினொன்று. இருவரும் பத்தாம் வகுப்போடு ஒன்றாகப் படிப்பை நிறுத்தியவர்கள். ஒரே வெயிலில் ஏழு ஆள் தள்ளி நிற்கிறார்கள். ஜெசிந்தா பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. முடியை ஒதுக்குகிற மாதிரி ஒரு அசைவு, அவ்வளவுதான். அது ஒவ்வொரு தடவையும் முப்பிடாதியின் உடம்பு வழியாகத்தான் போயாக வேண்டும். அடுத்தவள் ஜெயிக்க நாம் உடம்பைக் கொடுப்பது என்ன பிழைப்பு? வயிறு எரிந்தது.

அளவெடுப்பின் கடைசி நாள் காலை ஜெசிந்தா அசைந்ததுமே, அதை மறிக்க முப்பிடாதி கிழக்கே திரும்பிக்கொண்டாள். பக்கத்தில் செல்லையா மாமா.

"ஏட்டி, நானும் கிழக்க, நீயும் கிழக்கயா?"

"கண்ணு கூசுது மாமா."

"கிழக்கதானட்டி வெயிலு?"

"உங்க சோலியப் பாருங்க."

அசைவு வந்தது. மாமாவுக்குப் போகவில்லை. வந்த வழியும் போகவில்லை. முப்பிடாதியின் இடுப்பிலேயே தங்கி அசைந்தது. பதினொன்று. பன்னிரண்டு. அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

முப்பிடாதி அவசரமாக மேற்கே திரும்பப் போனாள்.

"திரும்பாத. அசைவு உள்ள இருக்கும்போது திரும்பினா கொலைக் கேஸ்" என்றார் அதிகாரி.

மூன்றாம் நாளும் அது சாகவில்லை. ஜெசிந்தா சுவரோரம் போனாள். போகிற வழியில் நின்று, "நல்லாப் பாத்துக்கடி. அதுக்கு வெயிலு ஆகாது" என்றாள். குடையையும் கொடுத்தாள். பூப்போட்ட குடை. முப்பிடாதி பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தாள்.

அடுத்த வாரம் அசைவுக்கு அடையாள அட்டை வந்தது. தாய்: ஜெசிந்தா. முகவரி: முப்பிடாதியின் இடுப்பு. தபால்காரர் கையெழுத்துக் கேட்டார். பேனாவை வாங்கியது முப்பிடாதியின் கை. கையெழுத்தைப் போட்டது அசைவு.

முப்பிடாதியின் கையெழுத்தைவிட அழகாக இருந்தது.