பழைய எண்களுக்கு ஒரு ‘ம்’

ஆம்புலன்ஸ் ஓட்டும் என் வீட்டுக்காரருக்கு நிலையத்தில் வைத்த பெயர் சைரன். வாயையே திறக்க மாட்டார் என்பதால் வைத்த பெயர். கல்யாணமான நாள் முதல் நான் எதைச் சொன்னாலும் பதில் ‘ம்’தான். சுவரோடு பேசினால்கூட எதிரொலியாவது வரும் என்று நான் தலையில் அடித்துக்கொள்ளாத நாளில்லை.

அவரையும் இழுத்துக்கொண்டுதான், இணைய முகவரி எண்களைப் பங்கிட்டுக் கொடுக்கும் பதிவகத்தின் பொதுக்கூட்டத்துக்குப் போனேன். எங்கள் வண்டிகள், கட்டுப்பாட்டு அறை, மருத்துவமனைகள் எல்லாம் ஒன்றோடொன்று பேசுவது இணைய முகவரி எண்களை வைத்துத்தான். இணையம் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், எங்கள் ஆம்புலன்ஸ்களை அப்போது நடத்திய கம்பெனி சும்மா கேட்டு வாங்கிப் போட்ட எண்கள் அவை. இன்று அவற்றுக்குத் தங்கத்தின் மதிப்பு. அந்தக் கம்பெனி மூடியபோது ஓட்டுநர்களும் என்னைப் போன்ற கட்டுப்பாட்டு அறைக்காரர்களும் சங்கம் வைத்து எல்லாவற்றையும் ஏற்று நடத்தினோம். எண்கள் மட்டும் செத்த கம்பெனியின் பெயரிலேயே கிடந்தன. சங்கத்தின் பெயருக்கு மாற்றித் தரும்படி கேட்டிருந்தோம்.

அதற்குள் இந்த எண்களை வாங்கி விற்கும் ஒரு தரகர் புது விதியோடு வந்து குதித்தார். வெளி இணையத்தில் தென்படாத பழைய எண்களுக்குப் பெயர் மாற்றம் கிடையாது, பதிவகமே திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. எடுத்ததை யார் வாங்கி விற்பார் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

எங்கள் எண்கள் வெளியே தென்படாது. தென்படக் கூடாது என்றுதான் நானே பூட்டி வைத்திருக்கிறேன். விதி நிறைவேறினால் எல்லா வண்டிகளையும் நிறுத்தி எண்ணை மாற்ற வேண்டும். அந்த நேரம் பார்த்து யாருக்கு நெஞ்சு வலிக்கும் என்று யார் கண்டது?

தரகர் கோட்டும் சூட்டுமாக மேடையேறினார். "எல்லா எண்ணையும் கூப்பிட்டுப் பாத்துட்டோம். ஒண்ணுகூட பதில் சொல்லல. ஆளில்லாத வீட்டுக்கு எதுக்குங்க பத்திரம்?"

கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடுவில் இருந்த மைக்கைப் பிடித்தேன்.

"ஐயா, தெரியாத ஆள் வந்து தட்டினா உங்க வீட்டுல கதவத் திறப்பாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப வீடு காலின்னு நான் எடுத்துக்கலாமா?"

அரங்கம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. "எங்க எண் உங்களுக்குப் பதில் சொல்லாது. மூச்சுத் திணறுதுன்னு ஒருத்தர் கூப்பிட்டா, பக்கத்துல இருக்கற வண்டிக்குச் சொல்லும். நாம இங்க பேசிட்டிருக்கும்போதும் சொல்லிட்டுத்தான் இருக்கு. வெளிய தெரியலைங்கறது வேற, உயிரோட இல்லைங்கறது வேற. நேர்ல வந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

இந்தக் கூட்டத்தில் கை தூக்கும் வழக்கமில்லை. வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனக வேண்டும். எந்தப் பக்கம் சத்தம் பலமோ அந்தப் பக்கம் தீர்ப்பு. யாரும் யாரையும் முறைத்துக்கொள்ள வேண்டியதில்லை, பாருங்கள்.

"விதி வேணுங்கறவங்க?" என்றார் கூட்டத் தலைவி.

பழக்கதோஷத்தில் இவர் மூச்சை இழுத்தார். காலை ஓங்கி மிதித்தேன். முன்வரிசையில் மட்டும் ஒரு முனகல் எழுந்து அடங்கியது.

"வேண்டாங்கறவங்க?"

சைரன் ஒலித்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பிய அந்த ‘ம்ம்ம்’முக்கு அரங்கமே திரும்பிப் பார்த்தது. பின்வரிசையில் இன்னொருவர் சேர்ந்துகொண்டார். பிறகு இடப்பக்கம், வலப்பக்கம், வாசலில் நின்றவர்கள். என் நாற்காலிக் கைப்பிடி அதிர்ந்தது. தலைவி போதும் போதும் என்று கையசைத்தும் யாரும் நிறுத்தவில்லை. தரகர் லேப்டாப்பை மூடிவிட்டார்.

விதி தோற்றது. பதிவக அதிகாரி எங்கள் கட்டுப்பாட்டு அறைக்கே வந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பிரசவ அழைப்பு வந்தது, வண்டி பறந்தது, தாயும் பிள்ளையும் நலம் என்று செய்தியும் வந்தது. அங்கேயே பெயர் மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட்டார். எண்கள் சங்கத்தின் பெயருக்கு வந்தன.

வந்த அன்று முதல் ஆளாக இவரைத்தான் வண்டி ரேடியோவில் கூப்பிட்டேன். "என்னங்க, எண்ணெல்லாம் இனிமே நம்மளோடது. கேக்குதா?"

"ம்."

கட்டுப்பாட்டு அறையே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருடத்தில் இதைவிட நல்ல பதிலை அவர் சொன்னதே இல்லை.