அப்படி ஒருவர் இல்லை

ஊரில் அவளுக்குப் பெயர் தபாலக்கா. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பேக்கரி அடுப்பில் வேலை செய்யும் அவள் கணவர்கூட வெளியாட்கள் முன்னால் "எங்க தபாலக்கா" என்பார். சொந்தப் பெயர் அடையாள அட்டையிலும் சம்பளப் பதிவேட்டிலும் மட்டும் இருந்தது.

இருபத்திரண்டு வருடமாக அவள் தபால் கொடுக்கும் பாதை, அவளுடைய பீட், ஒன்றுதான். பதினான்கு கிலோமீட்டர், ஒரு மேடு, ஆயிரத்து நூற்று நாற்பது கதவுகள். எந்தத் தபால் பெட்டியில் குளவி கூடு கட்டியிருக்கிறது, எந்த வீட்டில் மணி அடித்தால் காது கேட்காது, ஜன்னலைத் தட்ட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒரு மழை நாளில் வழுக்கி விழுந்து முழங்கால் சில்லு உடைந்தது. அறுவை சிகிச்சை, கம்பி, நான்கு மாத விடுப்பு. திரும்பி வந்தபோது நன்றாக நடந்தாள். ஆனால் கால் தொண்ணூற்றைந்து டிகிரிக்கு மேல் மடங்க மறுத்தது. சைக்கிள் பெடல் மேலே வரும்போது அதைவிட அதிகம் மடங்க வேண்டும். அலுவலக முற்றத்தில் ஓட்டிப் பார்த்தாள். இரண்டாவது சுற்றிலேயே காலை ஊன்ற வேண்டியதாயிற்று.

"அடுத்த மாசம் முதல் தேதி உன் பீட்டை முழுசா ஓட்டிக் காட்டு, அது உனக்கு" என்றார் போஸ்ட்மாஸ்டர். "முடியலைன்னா இப்ப பைக்ல போறவருக்கே நிரந்தரமா எழுதிடுவேன். உனக்கு ஸார்ட்டிங் மேசை. ஃபேன், நாற்காலி, நிழல். என்னம்மா குறை?"

குறை என்னவென்று அவருக்கு எப்படிச் சொல்வது? "சரி சார்" என்றாள்.

பிசியோதெரபிஸ்ட்தான் வழி சொன்னார். பெடலைத் தாங்கும் கிராங்க் தண்டின் நீளம் நூற்றெழுபது மில்லிமீட்டர். அதில் நாற்பதைக் குறைத்து, சீட்டை அதே அளவு உயர்த்தினால், பெடல் மேலே வரும்போது காலுக்கு எண்பது மில்லிமீட்டர் இடம் கிடைக்கும். மடங்குவது குறையும்.

சைக்கிள் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "நூத்தி முப்பதா? சின்னப் புள்ளைங்க வண்டியில இருக்குக்கா. ஆனா உங்க அச்சுல உக்காராது. இங்க எவன்கிட்டயும் கிடைக்காது. வெளிநாட்டுல இருந்துதான் வரவழைக்கணும்." அச்சை நீளவாட்டில் அளந்து, முனை சதுரமா என்று பார்த்து, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். "முன்பல்சக்கரமும் சின்னதா வாங்குங்க. இல்லேன்னா மேட்டுல மிதிக்க முடியாது."

அன்று மதியம் கணவர் வேலை முடிந்து வந்ததும் இருவரும் ஒரே போனைக் குனிந்து பார்த்தார்கள். கடல் தாண்டியிருந்த ஒரு கடையில் சரியான ஜோடி இருந்தது. ஆர்டர் செய்த ஒரு மணி நேரத்தில் அங்கிருந்து கேள்வி வந்தது: இது சிறுவர்களுக்கான நீளம், நிச்சயமாக இதுதான் வேண்டுமா?

"அம்பது வயசுச் சிறுமின்னு எழுது" என்றார் கணவர்.

"நாப்பத்தெட்டு" என்று திருத்திவிட்டு, நிச்சயம் என்று பதில் அனுப்பினாள்.

சுங்கத்துக்காக அடையாள அட்டையில் உள்ளபடி பெயர் கேட்டார்கள். அப்பா பெயரும் சேர்ந்த முழு நீளப் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். அடுத்த கட்டத்தில் விரல் நின்றது.

"ஏங்க, நம்ம கதவு நம்பர் என்ன?"

"அடிப்பாவி! ஊர்க் கதவெல்லாம் மனப்பாடம், சொந்தக் கதவு தெரியாதா?"

"எனக்கு எவன் நம்பர் போட்டு எழுதியிருக்கான்? தபாலக்கான்னு போட்டாலே வந்துடும். பதினேழுதானே?"

"பதினேழுதான்" என்று அவரும் தலையாட்டினார்.

இருபத்தைந்தாம் தேதி காலை பதினொரு மணிக்கு, ஸார்ட்டிங் மேசையில் இருந்தபடி போனைப் பார்த்தாள். பார்சல் சுங்கம் தாண்டி, இதே அலுவலகத்துக்கு வந்து, முந்தைய நாள் பட்டுவாடாவுக்குப் போயிருந்தது. கடைசி வரி இப்படி இருந்தது: முகவரியில் அப்படி ஒருவர் இல்லை. அனுப்பியவருக்குத் திருப்பப்படுகிறது.

அவள் இரண்டு முறை படித்தாள். இருபத்திரண்டு வருடம் கடிகாரம் போலத் தவறாமல் தபால் கொடுத்த ஊரில், இவள் யாரென்றே தெரியாதாம். காது சூடாகியது.

பைக்கில் போகும் தற்காலிக ஆள் வேறு அலுவலகத்திலிருந்து வந்தவர். வாய் திறந்தால் விதி எண் சொல்வதால் அவருக்கு ரூல் என்று பெயர் விழுந்திருந்தது. அவள் கேட்டதும், திருப்பியது தான்தான் என்று ஒப்புக்கொண்டார்.

"போனேன் மேடம். பதினேழாம் நம்பர். பேரைச் சொன்னேன். அப்படி யாருமே இந்தத் தெருவில இல்லைன்னு அந்த அம்மா அடிச்சுச் சொல்லிட்டாங்க. இதோ, அவங்க கையெழுத்து."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் அவள் தெருவில் கதவு எண்களை மாற்றினார்கள். அவள் வீடு இப்போது முப்பத்திரண்டு. பதினேழு, மேட்டின் உச்சியில் இருக்கும் வீடு. பழைய எண் போட்டு வரும் கடிதங்களைத் தெருவுக்கெல்லாம் சரியாகச் சேர்த்தவள், தன் தலைக்குள் மட்டும் பழைய எண்ணையே வைத்திருந்தாள். அந்த வீட்டு அம்மா வாரம் மூன்று நாள் அவளோடு கதவடியில் நின்று கதை பேசுகிறவள்தான். தபாலக்காவின் சொந்தப் பெயர்தான் அந்த அம்மாவுக்குத் தெரியாது.

"அது நான்தான்" என்றாள்.

ரூல் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க தபாலக்கா இல்லையா?"

"ரெண்டும் நான்தான்யா!"

திருப்பும் பை இருபதடி தள்ளி, வாய் கட்டி நின்றது. நான்கு மணிக்கு வண்டி வந்துவிடும். மறுபடி கடல் தாண்டிப் போய்த் திரும்பி வர ஒரு மாதம் ஆகும். முதல் தேதிக்கு ஆறு நாள்தான் இருந்தது.

"பையைப் பிரிங்க."

"முடியாது மேடம். முகவரிதாரரை நேரில் தெரியும்னு அந்த பீட்டோட நிரந்தரத் தபால்காரர் எழுதிக் கொடுக்கணும். நான் தற்காலிகம். என் கையெழுத்து செல்லாது."

"அந்த பீட்டோட நிரந்தரத் தபால்காரர் யாரு?"

ரூல் பதிவேட்டைத் திருப்பினார். விரலால் வரியைத் தேடினார். நிறுத்தினார். பிறகு நிமிர்ந்து, முதல்முறையாகச் சிரித்தார்.

பார்சலில் இருந்த பெயரை ஒரு வெள்ளைத்தாளின் மேலே போட்டு, அவள் எழுதினாள்: மேற்படி முகவரிதாரரை இருபத்திரண்டு ஆண்டுகளாக நேரில் அறிவேன். முகவரி எண் 32 எனத் திருத்தப்பட வேண்டும். கீழே முழுப் பெயரைக் கையெழுத்திட்டாள். மேலே இருந்ததும் அதே பெயர். போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"இதுல தப்பு ஏதாவது இருக்கா?" என்று ரூலைக் கேட்டார்.

"இருந்தா சொல்லியிருப்பேன் சார்."

ஆனாலும் ரூல் பார்சலை அலுவலகத்தில் வைத்துக் கொடுக்கவில்லை. கதவில்தான் பட்டுவாடா. அவள் சாயங்காலம் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடி, தன் வாசலில் நின்று, அவர் பைக்கில் வந்து பெயரைச் சத்தமாகப் படித்ததும், "ஆமா, நான்தான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். கணவர் பின்னால் நின்று கைதட்டினார்.

மறுநாள் கடைக்காரர் பழைய தண்டைக் கழற்றிப் புதியதையும், கூட வந்த சின்னப் பல்சக்கரத்தையும் பொருத்தி, சீட்டை உயர்த்தினார். புதிய தண்டு உள்ளங்கையை விடக் கொஞ்சம்தான் நீளம். "பொம்மை மாதிரி இருக்குக்கா." ஏறி மிதித்தாள். முழங்கால் மேலே வந்தது. வலிக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்று, இறங்கியது. திரும்பவும் வந்தது. திரும்பவும் இறங்கியது. கடைத் தெரு முனைவரை போய்விட்டுத்தான் நிறுத்தினாள்.

முதல் தேதி காலை, முழுப் பையோடு கிளம்பினாள். முன்பல்சக்கரம் சின்னது என்பதால் கால்கள் இரண்டு மடங்கு வேகமாகச் சுழன்றன.

"என்னக்கா, தையல் மெஷினா ஓட்டுறீங்க?" என்று பால் கடையில் ஒருவர் கத்தினார்.

"ஆமா, உன் வாயைத் தைக்கப் போறேன்!"

பின்னால் பைக்கில் நேரம் குறித்துக்கொண்டு வந்த ரூல் எதிலும் தலையிடவில்லை. மேடு வந்தது. சின்னப் பல்சக்கரம் கரகரத்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. அவள் சீட்டை விட்டு எழவில்லை, காலை ஊன்றவும் இல்லை. உச்சியில், பதினேழாம் எண் வீட்டு வாசலில்தான் பிரேக் பிடித்தாள்.

"அக்கா! வந்துட்டீங்களா!" அந்த அம்மா கடிதத்தைக் கூடப் பார்க்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க இல்லாம ஒண்ணும் சரியில்லை. போன வாரம் யாருக்கோ வந்த பார்சலை இங்க கொண்டாந்துட்டாங்க. அப்படி ஆளே இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டேன்."

தபாலக்கா மூச்சு வாங்கினாள். பிறகு, அப்பா பெயரோடு, முழு நீளத்துக்கும், ஓர் எழுத்து விடாமல் அந்தப் பெயரைச் சொன்னாள்.

"ஆமா, அதேதான்! உங்களுக்குத் தெரியுமா அவங்களை?"

"நல்லாத் தெரியும்" என்றாள் அவள், பெடலில் கால் வைத்தபடி. "இந்த மேட்டை மிதிச்சே ஏறுறவங்க."