சேலம் நம்பர் வண்டி

எங்கள் அப்பா மாதையனுக்குச் சந்தேகம் வந்துவிட்டால், சாமியே நேரில் வந்தாலும் எந்த ஊர்ச் சாமி என்று கேட்பார். அன்று அவர் சந்தேகப்பட்டது வாசலில் வந்து நின்ற ஒரு ஸ்கூட்டியை. எருமப்பட்டியில் ஓடுவதெல்லாம் நாமக்கல் நம்பர். இது சேலம் நம்பர்.

தங்கை தேவிப்ரியாவுக்குச் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் பெண் பார்க்க வருவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் யாரையாவது கமுக்கமாக அனுப்பி விசாரிப்பார்கள். கோழித் தீவனம் விற்கிற மாதிரி வருவார்கள், நிலம் பார்க்கிற மாதிரி வருவார்கள். மேட்டூரில் ஒரு சம்பந்தத்துக்காக அப்பாவே இப்படி வேவு பார்த்தவர்தான். அதனால் வண்டிச் சத்தம் கேட்டதும் அம்மா என்னை உள் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள்.

நான் அறிவுச்செல்வி, மூத்தவள். பிறந்ததிலிருந்தே இரண்டு காலும் நிற்காது. கையை ஊன்றித் தரையில் நகர்வேன். வரன் வீட்டாரிடம் ‘எங்களுக்கு ஒரே பொண்ணு’ என்று சொல்லி வைத்திருந்தார்கள். கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கச்சி வாழ்க்கையாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன்.

வந்தவள் வாசலில் நின்று பேசினாள். “என் பேரு மஞ்சுளாங்க. மாற்றுத்திறனாளிங்களை வீடு வீடாக் கணக்கெடுக்கறோம். நாடு பூரா எடுக்கறாங்க. ஒருத்தரும் விட்டுப்போகக் கூடாதுன்னு உத்தரவு.”

“சேலத்துல எங்கீங்க?” என்றார் அப்பா.

“அஸ்தம்பட்டிங்க. வேலை இங்க போட்டுட்டாங்க.”

அப்பா இருமினார். ஆள் சிக்கிவிட்டாள் என்று அதற்கு அர்த்தம். “நாங்க மூணே பேருங்க. நானு, சம்சாரம், ஒரே பொண்ணு. எல்லாரும் கை காலோட நல்லா இருக்கறமுங்க.”

கதவிடுக்கில் பார்த்தேன். கழுத்தில் அட்டை தொங்கியது. அட்டையை யார் வேண்டுமானாலும் அடித்து மாட்டிக்கொள்ளலாம். ஆனால் இவள் வாசற்படியின் உயரத்தைப் பார்த்தாள், குளியலறைக் கதவின் அகலத்தைப் பார்த்தாள். வேவு பார்க்க வந்தவளுக்குக் குளியலறைக் கதவு எதற்கு?

இவள் வேவுக்காரியாக இருந்தால் தங்கச்சி கல்யாணம் என்னால் நின்றுபோகும். அசல் ஆளாக இருந்து நான் சும்மா இருந்துவிட்டால், அரசாங்கக் கணக்கிலும் நான் இல்லாதவள். ஒரு சக்கர நாற்காலி கிடைத்தால் தார் ரோடு வரைக்குமாவது என் இஷ்டத்துக்குப் போய் வருவேனே!

சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். தங்கச்சி கேட்கிறாள் என்றுதான் நினைப்பாள்; குரலைக் கேட்டு யாருக்குக் கால் தெரியப்போகிறது?

“ஏனுங்கக்கா, பேரு குடுத்தா சக்கர நாற்காலி உடனே வந்துருமுங்களா?” என்று உள்ளேயிருந்தே கேட்டேன்.

“அதை நான் எப்படிங்க சொல்றது? எழுதி மேல அனுப்புவேன். வந்தா வரும். ஏற்கெனவே நெறையப் பேரு காத்துக்கிட்டுத்தான் இருக்காங்க.”

அட, அசல் அரசாங்க ஆளேதான்! வேவுக்காரியாக இருந்தால் நாளைக்கே வந்துவிடும் என்று அள்ளி விட்டிருப்பாள். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே நகர்ந்து வந்தேன்.

அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. “இது ஒரம்பரைங்க. தூரத்துச் சொந்தம். நேத்துத்தான் வந்துச்சு” என்றார். அம்மா ராசாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மஞ்சுளா என்னையும் பார்த்தாள், தரையில் தேய்ந்து காய்த்துப்போன என் உள்ளங்கையையும் பார்த்தாள். “குடும்பத் தலைவருக்கு என்ன உறவுன்னு போடணும். என்னம்மா போடட்டும்?”

பதில் நாக்கு நுனிவரை வந்தது. “அவரையே கேளுங்கக்கா. அவரு என்ன சொல்றாரோ அதையே போட்டுக்குங்க.”

அப்பா ஸ்கூட்டியைப் பார்த்தார். “இது அஸ்தம்பட்டி வரைக்கும் போகுமுங்களா?”

“யாருகிட்டயும் சொல்ல மாட்டேனுங்க.”

அவர் நம்பவில்லை, எப்போதும்தான் நம்ப மாட்டாரே. அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, மெதுவாக, “மூத்த மகளுங்க” என்றார்.

வெளி ஆள் முன்னால் அப்பா அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. மஞ்சுளா அதைப் பதிந்துகொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“சத்தமாச் சொல்லுங்கப்பா, இந்த அக்காவுக்குக் கேட்கலையாம்” என்று பொய் சொன்னேன்.