எட்டுப் பேரும் குறை சொல்லாத பானை

சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்து சொந்த ஊர்ப்பக்கமான ஹுனானிலிருந்து ஷென்ஜென் திரும்பிய சியூபிங்குக்கு மின்பானைப் பட்டறைக்குள் கால் வைத்ததுமே பற்றிக்கொண்டு வந்தது. ஷான்ஷிக்காரர் காவ் அண்ணனும் குய்ச்சோ பெண் யாங்கும் வேலை செய்த இடத்தில் முன்பின் தெரியாத எட்டுப் பேர். எல்லாரும் கூட்டாளி ஹான்ஷெங்கின் சாவ்ஷான் ஊர் ஆட்கள். முதல் போட்டிருந்த அவனுடைய பெரியப்பா, விடுமுறையோடு விடுமுறையாக மற்ற ஊர்க்காரர்களைப் போனிலேயே துரத்திவிட்டாராம். எல்லாரும் ஒரே ஊர்ப் பேச்சு பேசினால்தான் தொழில் தழைக்குமாம். இது எந்த ஊர் நியாயம்!

பட்டறை பிழைத்ததே சண்டையால்தான். சியூபிங் மிளகாய் வறுத்தால் ஹான்ஷெங் இருமித் தொலைப்பான். அந்த எரிச்சலில்தான் அவன் மின்பானைக்குப் புகையை உறிஞ்சும் மூடி செய்தான். மாவுருண்டை அவிக்க இடமில்லாமல் இதெல்லாம் ஒரு பானையா என்று காவ் அண்ணன் கத்தியதில் மேல்தட்டு வந்தது. அதற்கப்புறம் பானை கடைகளில் நிற்கவே இல்லை, வந்ததும் விற்றுப்போனது.

பெரியப்பா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எத்தனை பேர் இருந்தாலும் சாவ்ஷான்காரர்களுக்கு மூன்றே கிண்ணம்தான். நீங்கள் குடியுங்கள், இல்லை நீங்கள் என்று எட்டுப் பேரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மேசையில் அவர்கள் செய்த புதுப் பானை. சியூபிங் திறந்து பார்த்தாள். கஞ்சிப் பானை. எந்தக் கடையிலும் கிடைக்கிற அதே கஞ்சிப் பானை.

"ஒரே நாள்ல முடிவு பண்ணிட்டோம்மா," என்றார் பெரியப்பா பெருமையாக. "எட்டுப் பேர்ல ஒருத்தன்கூட ஒரு குறை சொல்லல."

"எப்படிச் சொல்லுவாங்க? எட்டுப் பேரும் பொறந்ததுலேர்ந்து இந்தக் கஞ்சியத்தானே குடிக்கிறாங்க."

பெரியப்பாவின் முகம் சுண்டிவிட்டது. ஹான்ஷெங் பதறிப்போய் ஒரு கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினான்.

"உபசாரம் வேணாம்டா. காவ் அண்ணன், யாங் ரெண்டு பேருக்காக இவர்கிட்ட ஒரே ஒரு தடவ சண்ட போடு. போட்டீன்னா நான் இங்கயே இருக்கேன்."

அவன் பெரியப்பாவைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். சீ, என்று வந்தது அவளுக்கு. தன் பங்கைப் பிரித்துவிடச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

தெருவில் நின்று காவ் அண்ணனுக்குப் போன் போட்டாள். வேறு இடம் பிடிக்கிறேன், யாங்கையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள்.

"ஷென்ஜென்லயா? அந்த வாடகைக்கா? உனக்கு மூளை கீளை இருக்கா?" எடுத்த எடுப்பிலேயே அவர் ஆரம்பித்துவிட்டார்.

அந்தப் பழைய கத்தலைக் கேட்டதும்தான் சியூபிங்குக்கு அழுகை வந்தது.