பத்தாவது காரணம்

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதைக்குக் காரணம் ஒரு துண்டுப்பிரசுரம். அதை எழுதியவன் நான்.

கிளிநொச்சியில் ஒரு சங்கம் கேட்டதற்காக, ‘வீட்டுக்கோழி ஏன் திடீரென்று முட்டையைக் குறைக்கிறது?’ என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பகல் குறைவது, இறகு உதிர்ப்பது, அடைக்குக் கிடப்பது, வயிற்றுப் பூச்சி, தண்ணீர், தீன், பயம், பற்றைக்குள் ஒளித்து இடுவது, பாம்பும் கீரியும். எண்ணினால் ஒன்பது வந்தது. ஒன்பதோடு நிறுத்தினால் அரைகுறையாகத் தெரியும் என்று பத்தாவதாக ஒரு வரி சேர்த்தேன்: ‘மேற்கூறிய எதுவும் இல்லையெனில், மனிதர் எவரேனும் முட்டையை எடுக்கின்றனரா எனக் கவனிக்கவும்.’

எண்ணிக்கையைச் சரிக்கட்ட எழுதிய வரி. அந்த வரியோடுதான் இப்போது மாரடித்துக்கொண்டிருக்கிறேன்.

2

‘மழை விட்டிருந்தது. விமலேஸ்வரி கோழிக்கூட்டைத் திறந்தபோது —’

வேண்டாம். வன்னி என்று எழுதியவுடன் கை தானாக மழையைக் கொண்டுவருகிறது.

‘விமலேஸ்வரிக்குக் கோழிகள் என்றால் உயிர் —’

பச்சைப் பொய். கோழிகள் மீது அவளுக்கு எரிச்சல்தான் அதிகம். முற்றத்தைக் கிளறும், பூக்கன்றைக் கொத்தும். ஆனால் ஏழு கோழியும் நாளுக்கு ஐந்து முட்டை இட்டுக்கொண்டிருந்தன. ஐப்பசி பிறந்த பிறகு மூன்றானது. சில நாள் இரண்டு.

இரண்டு முட்டை குறைந்ததற்கு ஒரு மனுசி சோறு தண்ணி இறங்காமல் திரிவாளா என்று கேட்பீர்கள். விமலேஸ்வரி திரிந்தாள். போன வருடமும் இதே ஐப்பசியில் கோழிகள் முட்டையைக் குறைத்தன. அதே கிழமையில்தான் மகள் கிருசாந்தியின் வயிற்றில் ஐந்து மாதமாக இருந்த பிள்ளை இல்லாமல் போனது. இப்போது கிருசாந்திக்கு மறுபடியும் ஆறு மாதம். புருசன் கட்டாரில். தண்ணீரூற்று என்ற ஊர்ப் பக்கம் அந்த வீட்டில் தாயும் மகளும்தான்.

“அம்மா, மாரிக்கு முட்டை குறையும்தானே. எல்லார் வீட்டிலயும் குறையும்” என்றாள் கிருசாந்தி.

“போன வருசமும் நீ இதைத்தான் சொன்னனீ.”



3

சந்தைக்குப் போன இடத்தில் யாரோ என் துண்டுப்பிரசுரத்தை அவளிடம் கொடுத்தார்கள். மற்றவர்கள் அதில் வடை சுற்றியிருப்பார்கள். அவள் படித்தாள். படித்தது மட்டுமா, பேனையால் ஒவ்வொன்றாக வெட்டினாள்.

பூச்சி மருந்து கொடுத்தாள், வெட்டினாள். தண்ணீரை இரண்டு நேரமும் மாற்றினாள், வெட்டினாள். பற்றை முழுவதும் தடியால் தட்டிப் பார்த்தாள். கூட்டின் ஓட்டைகளை அடைத்தாள். முதலாவது காரணமான பகல் குறைவதையும் வெட்டினாள். (அதை வெட்டியிருக்கக் கூடாது. அதுவே பாதி உண்மை. ஆனால் அதற்கு அவளால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. செய்ய ஒன்றுமில்லாத காரணத்தை யார்தான் வைத்துக்கொள்வார்கள்?)

கடைசியில் பத்தாவது மட்டும் நின்றது. அதைப் படித்ததும் பல நாளைக்குப் பிறகு அவளுக்கு நெஞ்சு லேசானது. கள்ளன்! கள்ளன் என்றால் நல்லது. கள்ளன் என்றால் இது சகுனமில்லை. பிள்ளைக்கு ஒன்றும் வராது.

4

இனி இந்தக் கதையில் எனக்குப் பிடிக்காத இடம்.

தினமும் காலையில் வயலுக்குப் போய்ப் பத்தரைக்குத் திரும்புகிறவள், அன்று ஒன்பதரைக்கே வந்தாள். கூட்டுக்குள் கை விட்டாள். வைக்கோல் சூடாக இருந்தது, முட்டை இல்லை. சிவப்பிக் கோழி பக்கத்தில் நின்று இட்டுவிட்டேன் என்று ஊரைக் கூட்டிக் கொக்கரித்துக்கொண்டிருந்தது.

விமலேஸ்வரி வேலியடிக்குப் போனாள். குனிந்து ஒரு கை மண்ணை அள்ளினாள்.

“என்ர வீட்டு முட்டையை எடுத்த கை விளங்காது! திண்ட வயிறு விளங்காது! வற்றாப்பளை அம்மன் கேப்பாள்!”

மண்ணைத் தூற்றினாள். வேலிக்கு அந்தப் பக்கம் றுக்ஷானாவின் வீடு. (தொண்ணூறில் ஊரைவிட்டு விரட்டப்பட்டு, புத்தளத்திலிருந்து திரும்பி வந்த முஸ்லிம் குடும்பம் என்று சொன்னவுடன் சிலர் வேறொரு கதைக்கு ஆயத்தமாவீர்கள். அது இதில்லை. விமலேஸ்வரி எந்தப் பெயரையும் நினைத்துத் திட்டவில்லை. பெயர் தெரியாததால்தான் கையையும் வயிற்றையும் திட்டினாள்.)

5

கிருசாந்தியை எழுத எனக்குத் தயக்கம். தாயை ஏமாற்றும் மகளாகத் தெரிவாள். ஆகவே நடந்ததை நடந்தபடி வைக்கிறேன்.

முதல் பிள்ளை போனபிறகு விமலேஸ்வரி அம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்தாள்: அடுத்த பிள்ளை பிறக்கும்வரை வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை. முட்டையும் மச்சம்தான். கோழி இடுவதெல்லாம் கடைக்குப் போகும். கிளினிக்கில் மிட்வைஃப் சுமித்திரா கிருசாந்தியின் கண் மடலை இழுத்துப் பார்த்தார். “இரத்தம் காணாது பிள்ளை. நாளுக்கு ரெண்டு முட்டையாவது சாப்பிடோணும்.” தாயிடம் இதை எப்படிச் சொல்வது? நேர்த்தியை முறி என்றால் அந்த மனுசி பயத்திலேயே செத்துப்போவாள்.

வழி சொன்னவள் றுக்ஷானா. “முட்டையைக் கொண்டா, நான் அவிச்சுத் தாறன். இஞ்ச இருந்து திண்டிட்டுப் போ. உங்கட குசினியில சமைச்சாத்தானே நேர்த்தி முறியும்?”

“உங்களுக்கு ஏன் கரைச்சல் அக்கா?”

“முட்டை அவிக்கிறது ஒரு கரைச்சலே? வாயை மூடிக்கொண்டு தின்.”

விமலேஸ்வரி மண்ணைத் தூற்றிய நேரத்தில் கிருசாந்தி றுக்ஷானாவின் குசினியில் ஒரு வாங்குப் பலகையில் இருந்தாள். கையில் பாதி முட்டை. மற்றப் பாதி வாய்க்குள். தாயின் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

திண்ட வயிறு. அவள் இடது கை தானாக வயிற்றுக்குப் போனது.

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: கிருசாந்தி வாயைத் துடைத்துக்கொண்டு ரோட்டுப் பக்கத்தால் சுற்றி வீட்டுக்குப் போகிறாள். ஒன்றும் சொல்லவில்லை. நாளை முதல் முட்டையும் சாப்பிடவில்லை. (இதுதான் நடக்கும் என்று பயப்படுகிறேன்.)

இரண்டு: றுக்ஷானா வேலியடிக்கு வருகிறாள். உள்ளங்கையில் முட்டைக்கோது. “எடுத்ததும் திண்டதும் உங்கட பிள்ளை அக்கா. அவிச்ச கை இது.” விமலேஸ்வரி தன் மண் படிந்த கையைப் பார்க்கிறாள், பிறகு அவள் —

பிறகு என்ன செய்வாள்? தூற்றிய மண்ணைத் திருப்பி அள்ள ஒரு முறை உண்டா என்று நாலு பேரிடம் விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

மூன்று: ‘அன்று பின்னேரம் கிருசாந்திக்கு அடிவயிற்றில் —’

அந்த வசனத்தை நான் முடிக்கவில்லை. எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன். சாபத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் கதையில் சாபம் விழுந்தால் பலித்தே ஆக வேண்டும் என்று எங்கள் எல்லோருக்கும் பழகிவிட்டது. அந்தப் பழக்கத்துக்குத்தான் பயப்படுகிறேன். ஒரு வெற்று வரியை எழுதி ஒருத்தியை மண் அள்ள வைத்தவன், இன்னொரு வரியை எழுதி என்னவும் செய்வான்.

ஆகவே நான் பேனையை வைக்கிறேன். இனி உங்கள் பாடு. விமலேஸ்வரி இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டு வேலியடியில் நிற்கிறாள். றுக்ஷானா கதவடியில், போவதா நிற்பதா என்று தெரியாமல் நிற்கிறாள். கிருசாந்திக்கு விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

உண்மையைச் சொல்ல வையுங்கள், மறைக்க வையுங்கள், மூன்று பேரையும் கட்டிப்பிடித்து அழ வையுங்கள். எதையென்றாலும் செய்யுங்கள். ஆனால் அவள் அந்த முட்டையைச் சாப்பிட்டு முடிக்கட்டும். அதுவரைக்கும் ஒருவரும் வாய் திறக்க வேண்டாம்.