சாப்பிட்டது வேறு, வாயில் போட்டது வேறு

எண்பத்தைந்து.

முள் ஆடி ஆடி வந்து நின்ற இடத்தைப் பூவம்மாள் குனிந்து பார்த்தாள். ஒன்றரை மாதத்துக்கு முன்னால் இதே எடை மிஷினில் ஏறியபோது எண்பத்து நாலு. நடுவில் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். பட்ட பாட்டுக்கு ஒரு கிலோ கூடியிருக்கிறது என்றால் எந்த மனுஷி தாங்குவாள்?

"மிஷினு கெட்டுப்போச்சுங்க டாக்டரம்மா," என்றாள். 

டாக்டரம்மா பெங்களூர்க்காரி. செவ்வாய்க்கிழமை தோறும் ஃபேக்டரிக்கு வந்து போகிறவள். கோபக்காரி என்றாலும் நியாயம் பார்க்கிறவள். கம்பவுண்டரை விட்டு ஸ்டோர்ஸிலிருந்து இருபது கிலோ எடைக்கல்லைக் கொண்டுவரச் சொன்னாள். கல்லை வைத்தார்கள். முள் இருபதில் போய் அப்படியே நின்றது. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. பூவம்மாள் அந்தக் கல்லையே வெறித்துப் பார்த்தாள்.

விஷயத்தை முதலிலிருந்து சொன்னால்தான் அவள் வயிற்றெரிச்சல் புரியும். ஓசூர் சிப்காட்டில் லாரிச் சாமான் செய்கிற ஃபேக்டரி அது. முந்நூறு பேர் சாப்பிடுகிற கேன்டீன். பூவம்மாள் அங்கே ஏழு வருஷமாகக் கான்ட்ராக்டரிடம் தற்காலிகச் சமையல்காரி. 'நாளைக்கு வராதே' என்று எவன் சொன்னாலும் வாயை மூடிக்கொண்டு போக வேண்டிய வேலை. எண்பத்தொன்பதாம் வருஷம்தான் கம்பெனிக்குப் புத்தி வந்தது. கான்ட்ராக்டரை அனுப்பிவிட்டு, சமையல் ஆட்களைத் தானே வேலைக்கு எடுத்துக்கொள்வதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். பர்மனென்ட்! அந்த வார்த்தையைப் படித்துவிட்டு அவள் அன்று சாம்பாரில் பெருங்காயம் போட மறந்தாள். அவள் புருஷன் வெங்கடப்பனுடைய நிலத்தில் பாதி ஃபேக்டரி கட்டப் போய்விட்டது. மிச்சத்தில் ராகி, இரண்டு எருமை. மழை பொய்த்தால் இவள் சம்பளம்தான் சோறு. இரண்டு பெண்களில் மூத்தவள் பத்தாவது படிக்கிறாள். அதற்கு மேல் படிப்பதும் படிக்காததும் இந்த வேலையில்தான் இருந்தது.

ஆனால் மெடிக்கலில் தேற வேண்டும். டாக்டரம்மா முதல் தடவையே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ரத்தக்கொதிப்பு ஏறிக் கிடக்கிறது, முட்டி வீங்கிக் கிடக்கிறது, கொதிக்கிற அண்டாவோடு மயங்கி விழுந்தால் யார் பதில் சொல்வது? மூன்று மாதத்தில் எழுபத்தெட்டுக்கு வந்தால் 'ஃபிட்' என்று எழுதுவாள். வராவிட்டால் எழுதமாட்டாள்.

அன்றிலிருந்து பூவம்மாள் இரண்டு களி உருண்டையை ஒன்றாக்கினாள். சோறு ஒரே கரண்டி. கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு பெங்களூர் ரோட்டோரமாகப் போக இரண்டு மைல், வர இரண்டு மைல் நடை. ஊரில் சும்மா இருப்பார்களா? "என்னா பூவு, எருமை காணாமப் போச்சா? தேடிக்கினு ஓடற?" என்று வழியெல்லாம் கேலி. அதையும் பொறுத்துக்கொண்டாள். ஒன்றரை மாதம்! அதற்குப் பிறகுதான் இந்த எண்பத்தைந்து.

டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். "பாரும்மா. நடந்தேன்னு சொல்றே. ஒரு முத்தெதான் தின்னேன்னு சொல்றே. அப்போ இந்த உடம்பு காத்துல வளர்ந்துச்சா? சுள்ளு சொல்லாதே."

கன்னடத்தில் முத்தெ என்றால் களி உருண்டை, சுள்ளு என்றால் பொய். அது ஓசூரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

"சாமி சத்தியமா ஒரே உருண்டைதாங்க திங்கறன்."

"கேன்டீன்ல இருந்து எடுத்துத் தின்றியா?"

பூவம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேன்டீன்காரிக்கு இதைவிடக் கேவலமான கேள்வி கிடையாது. ஏழு வருஷத்தில் ஒரு வெங்காயத்தைக்கூட அவள் முந்தானையில் முடிந்து எடுத்துப் போனதில்லை. திருட்டுப் பட்டம் வந்தால் பர்மனென்ட் என்ன, கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். கண்ணீர்தான் வந்தது.

டாக்டரம்மாவுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சரி, அழாதே. ஒரு காரியம் பண்ணு. நாளைக்கு ஒரு பாத்திரம் வெச்சுக்கோ. காலையில இருந்து படுக்கற வரைக்கும் உன் வாயில எது போனாலும், அதே அளவு எடுத்து அந்தப் பாத்திரத்துல போடு. ஒரே நாள் போதும். நான் சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடறேன். நீ சொல்றது நிஜம்னா பாத்திரமே சொல்லும்."

மறுநாள் பூவம்மாள் மூன்று லிட்டர் தூக்குப்போசி ஒன்றைக் கழுவித் துடைத்துக் கொண்டுபோய் அடுப்பு மேடையில் வைத்தாள். காய் நறுக்குகிற இருளாயி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "இம்மாம் பெரிய போசியில என்னாத்தக்கா ரொப்பப் போற?"

"மதியத்துக்கு ஒரு கரண்டி சோறு, ராவுக்கு ஒரு களி. வேற என்னா இருக்குது? அடியில கெடக்கும், பாரு. அந்தம்மா மூஞ்சியில கொண்டுபோய்க் காட்டறன்," என்றாள் பூவம்மாள். வீம்பு அவளுக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

முதல் ஈடு இட்லி இறங்கியது. வெந்ததா என்று ஒன்றை எடுத்துப் பிட்டு வாயில் போட்டாள். வழக்கம்போல முழுதும் தின்று முடித்த பிறகுதான் போசி ஞாபகம் வந்தது. இன்னொரு இட்லியை எடுத்து உள்ளே போட்டாள். சட்னிக்கு உப்பு பார்க்க இன்னொரு துண்டு வேண்டியிருந்தது. அதைத் தின்றதும் அதே அளவு துண்டு போசிக்குப் போனது. சாம்பாரை உள்ளங்கையில் ஊற்றி நக்கினாள். புளி தூக்கலாக இருந்ததால் வெல்லம் போட்டு மறுபடி நக்கினாள். இரண்டு கரண்டி சாம்பார் உள்ளே. ஃபில்டரின் அடியில் நின்ற டீயைக் கொட்ட மனம் வருமா? குடித்தாள், அதே அளவு ஊற்றினாள். அன்று புதன்கிழமை, கேசரி நாள். பதம் பார்க்க ஒரு கை. முந்திரி வறுபட்டதா என்று ஒரு கை. வடையில் முதலாவதைப் பதம் பார்த்தாள். அது சரியில்லாததால் இரண்டாவதையும் பார்த்தாள்.

பத்து மணிக்கெல்லாம் போசியில் பாதி. பூவம்மாள் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

"இருளாயி, இங்க வாடி. யாராச்சும் இதுல கை வெச்சீங்களா?"

"நீதானக்கா போட்ட. நான் பாத்துக்கினுதான இருக்கறன்."

"நான் இன்னும் சாப்பிடவே இல்லயேடி!"

"அப்ப இதெல்லாம் என்னாவாம்?"

"இது சாப்பாடாடி? இது உப்பு பாத்தது. சாப்பாடுன்னா உக்காந்து, தட்டு வெச்சி திங்கறது."

இருளாயி போசியை ஒரு தடவை பார்த்தாள். தன் வாயில் மென்றுகொண்டிருந்த கேரட் துண்டை மெல்வதை நிறுத்தினாள். அதற்குப் பிறகு அன்று முழுக்க அவள் சிரிக்கவே இல்லை.

சாயங்காலம் வீட்டிலும் விடாமல் போசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள் பூவம்மாள். ஆரம்பித்ததை முடிக்காமல் விடுகிற ஜாதி இல்லை அவள். புருஷனும் பிள்ளைகளும் சாப்பிட்டு எழுந்தார்கள். மூத்தவள் பாதிக் களியை அப்படியே வைத்துவிட்டுப் படிக்கப் போனாள். அதை வீணாக்கலாமா? சின்னவள் தட்டில் அரை முட்டை. அவர்கள் வீட்டு வழக்கப்படி வெங்கடப்பன் தன் தட்டில் பெண்டாட்டிக்கென்று குழம்போடு ஒரு பிடி சோறு விட்டு வைப்பான். கல்யாணமான நாளிலிருந்து வைக்கிறான், அவன் பாசம் அது. அந்தத் தட்டிலேயே தன் ஒரு உருண்டைக் களியையும் போட்டுக்கொண்டு அவள் சாப்பிடுவாள். கடைசியில் பானையைக் கழுவுமுன் அடியில் ஒட்டிய காந்தலைச் சுரண்டித் தின்பாள். எல்லாவற்றுக்கும் சரிக்குச் சரியாகப் போசிக்கும் போட்டாள்.  காந்தலைப் போட்டதும் போசி வழிந்தது. மூடி மூடவில்லை.

எருமைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு உள்ளே வந்த வெங்கடப்பன் அதைப் பார்த்தான். டீயும் சாம்பாரும் கேசரியும் களியும் கலந்து ஒரு நிறமாகக் கிடந்தது.

"கழனித் தண்ணியா? குடும்மே, எருமைக்கு ஊத்திட்டு வர்றன்," என்று சாதாரணமாகப் போசியின் காதைப் பிடித்துத் தூக்கினான்.

"கீழ வையிங்க," என்றாள் பூவம்மாள். "அது கழனி இல்ல. இன்னிக்கு நான் தின்னது."

வெங்கடப்பன் போசியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "வெளையாடறியா?"

"வெளையாடல. ஒவ்வொண்ணா என் கையால போட்டன்."

அவன் போசியை மெதுவாகத் தரையில் வைத்தான். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். அய்யோ பாவம், அந்த மனுஷன். எருமைக்கு ஊற்ற நினைத்ததைப் பெண்டாட்டி தின்றிருக்கிறாள், அதிலும் ஒரு பிடி அவன் விட்டு வைத்தது.

பூவம்மாளுக்கு அழுகை வரவில்லை. அதிர்ச்சியில் அது எங்கோ போய்விட்டது. டாக்டரம்மாவிடம் அவள் பொய் சொல்லவில்லை. ஒரு உருண்டைதான் சாப்பிட்டாள், அது சத்தியம். மீதியெல்லாம் நின்றுகொண்டே வாயில் போட்டது. அவளுக்கே தெரியாமல் இவ்வளவு போயிருக்கிறது. தட்டு அடுக்கியிருந்த பலகையைப் பார்த்தாள். மூன்று தட்டு. புருஷனுக்கு ஒன்று, பெண்கள் இரண்டு பேருக்கும் ஒவ்வொன்று. பதினேழு வருஷமாகத் தினமும் கழுவிக் கவிழ்த்த தட்டுகள். அதில் தன்னுடையது ஒன்று இல்லை என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

"இந்த வூட்ல எனக்கு ஒரு தட்டு இல்ல, பாத்தீங்களா?" என்றாள்.

அதை டாக்டரம்மாவிடம் காட்ட மனம் வராமல் அன்றிரவே எருமைத் தொட்டியில் கவிழ்த்தாள். மறுநாள் வேலை விட்டதும் ஓசூர் பஜாருக்குப் போய் ஒரு எவர்சில்வர் தட்டு வாங்கினாள். சின்னது. அன்று சாயங்காலம் களிப் பானையையும் குழம்புச் சட்டியையும் நடுவில் வைத்து, நாலு தட்டைப் போட்டு, நாலாவது தட்டுக்கு முன்னால் தானே உட்கார்ந்தாள். ஒரு உருண்டை, ஒரு கை கீரை, அவ்வளவுதான். பெண்கள் இரண்டும் முழித்தன. வெங்கடப்பன் கை பாதியில் நின்றது.

"நீயும் உக்காந்துட்டா யாரு போடறது?"

"பானை நடுவுலதான இருக்குது. கை இருக்குது, போட்டுக்குங்க. மிஞ்சாத மாதிரி போட்டுக்குங்க."

"பொம்பள கூட உக்காந்து திங்கறது நம்ம வூட்ல வழக்கமில்ல பூவு."

"அப்ப பர்மனென்டும் நம்ம வூட்டுக்கு வழக்கமில்ல. வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடட்டுமா?"

பதினேழு வருஷத்தில் அவள் எதிர்த்துப் பேசி அவன் கேட்டதில்லை.  சின்னவள் மட்டும் கிளுக்கென்று சிரித்துவிட்டு அக்காளிடம் ஒரு குட்டு வாங்கினாள்.

அவன் தட்டில் வழக்கம்போல ஒரு பிடி விட்டு வைத்தான். அவள் அதை எடுத்துக்கொண்டு போய் எருமைக்குப் போட்டாள். மறுநாளும் வைத்தான், மறுநாளும் எருமைக்குத்தான். அவள் மனம் துடிக்காமல் இல்லை, அது அவன் பாசமாயிற்றே. நாலாம் நாள் வெங்கடப்பன் தட்டை வழித்துத் தின்றுவிட்டு, தன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போனான்.

கேன்டீனில் இனி கரண்டி நுனியில் தொட்டு நாக்கில் வைப்பதோடு சரி. முதல் இட்லியை சூப்பர்வைசருக்குத் தட்டில் வைத்து நீட்டினாள். "நீங்களே வெந்துச்சா பாத்துச் சொல்லுங்க," என்றாள். அந்த ஆள் சந்தோஷமாகத் தின்றார். முதல் வாரம் அவளுக்குப் பசி காதை அடைத்தது. வடைச் சட்டியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு வடை சுட்டாள். நடையை மட்டும் விடவில்லை. போகப் போக இரண்டு மைலை வேகமாக எட்டிப் போட ஆரம்பித்தாள். ஒரு நாள் பின்னாலிருந்து செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினால், மூச்சிரைக்க இருளாயி. "நானும் ஒரு நாளு போசி வெச்சிப் பாத்தங்க்கா," என்றாள்.  அன்றிலிருந்து இரண்டு பேராக நடந்தார்கள்.

மூன்று மாதக் கெடுவின் கடைசிச் செவ்வாய்க்கிழமை பூவம்மாள் மிஷினில் ஏறினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கம்பவுண்டர் குனிந்து பார்த்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"எழுபத்தேழரை மேடம்."

 பூவம்மாள் கண்ணைத் திறந்து கீழே இறங்கினாள். டாக்டரம்மா தானே எழுந்து வந்து முள்ளைப் பார்க்க மறுபடி ஏறச் சொன்னாள். ரத்தக்கொதிப்புப் பார்த்தாள். ஃபாரத்தை இழுத்து 'ஃபிட்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"பரவாயில்லையே! அன்னிக்கு உன்னைத் திருடின்னு நினைச்சிட்டேன், மனசுல வெச்சுக்காதே. பட்டினி கிடந்தியா? எதை நிறுத்தினே, சொல்லு. மத்தவங்களுக்கும் சொல்றேன்."

பூவம்மாள் யோசித்தாள். "பெருசா ஒண்ணும் நிறுத்தலீங்க டாக்டரம்மா. முன்னல்லாம் நான் சாப்பிட்டதே இல்லீங்க. உப்பு பாத்தன், மிஞ்சினத காலி பண்ணன், பானையச் சொரண்டனன், எல்லாம் நின்னுக்கினே. இப்பத்தான் எனக்குன்னு ஒரு தட்டு வெச்சி, எல்லாரோடவும் உக்காந்து சாப்பிடறன்."

டாக்டரம்மா பேனாவை மூடப் போனவள் மூடவில்லை.  அடுத்த ஆளைக் கூப்பிடட்டுமா என்று கம்பவுண்டர் கேட்டது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. 

"நம்ம மனேலூ இதே கதெ கணம்மா," என்றாள் மெல்ல. எங்கள் வீட்டிலும் இதே கதைதான் அம்மா.

 இவ்வளவு படித்த அம்மாவின் வீட்டிலுமா?

"ஒரு தட்டு வாங்கிக்குங்க டாக்டரம்மா," என்றாள் பூவம்மாள்.